கொங்கு நாட்டிலிருந்து செண்டாரஸ் ஏ பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் இருந்துகொண்டு, ஒரு பெரிய நீள்வட்ட கேலக்ஸியைச் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு எழுதியவை. தலைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள் என்று சொல்லும். மீதி ஐரோப்பாக்காரர்களுக்கு எழுதியவை. உங்கள் ஊரில் இது தெரியாது, விட்டுவிடுங்கள் என்று சொல்லும். நாம் இருப்பது வடக்கே 11 டிகிரி அட்சரேகையில். இரண்டுமே நமக்குப் பொருந்தாது. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தக் காட்டில், யாரிடம் கேட்டு, எவ்வளவு செலவில் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் நான் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. இலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

செண்டாரஸ் ஏ என்பது, என்.ஜி.சி என்ற வான்பொருள் பட்டியலில் 5128-ஆம் எண். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நட்சத்திரப் பிரகாசக் கணக்கில் 7-ஆம் அளவை ஒட்டி வரும், எண் கூடக் கூட மங்கல். வெறுங்கண்ணுக்கு எட்டாது, பைனாகுலருக்கு எட்டும்.

நீள்வட்ட கேலக்ஸிகள் பெரும்பாலும் பார்க்கச் சப்பென்று இருக்கும். சுருள் கைகள் கிடையாது, தூசுப் பட்டை கிடையாது, வெறும் ஒளித் திட்டு. செண்டாரஸ் ஏ அப்படி இல்லை. எப்போதோ ஒரு சுருள் கேலக்ஸியை விழுங்கியிருக்கிறது. அந்தத் தூசு இன்னும் அதன் இடுப்பில் கறுப்புப் பட்டையாகச் சுற்றிக் கிடக்கிறது. இதனாலேயே இதைச் சிலர் நீள்வட்டக் கணக்கிலும், சிலர் லென்ஸ் வடிவக் கணக்கிலும் வைக்கிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பட்டை தெரிந்தால் "பார்த்தது இதுதானா?" என்ற சந்தேகமே வராது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இலக்கு தென்வானில் இல்லை என்பது என் கருத்து.

அது இருப்பது வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 43 டிகிரியில். 90-இலிருந்து நம் 11-ஐயும் அந்த 43-ஐயும் கழித்தால் 36. அதாவது நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து 36 டிகிரி உயரத்தில் அது உச்சிக்கு வரும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. ஆக, மூன்றரை முஷ்டி உயரம். லண்டன்காரர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத உயரம் இது.

2. மாதத்தையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் அது உச்சிக்கு வரும் நேரம், இந்திய நேரப்படி:

பிப்ரவரி நடுவில் அதிகாலை 4.10
மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி 2.15
ஏப்ரல் நடுவில் 12.15
மே நடுவில் இரவு 10.15
ஜூன் நடுவில் இரவு 8.15

இந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் நன்றாகப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் அது தாழ்ந்துபோய் அடிவானத்துப் புழுதியில் மங்கிவிடும்.

எந்த மாதம் நல்லது? மே மாதம் நேரம் வசதி, வானம் வசதியில்லை. மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும், கூடவே மேகமும் வரும். ஜூனில் நம்பிப் போகவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், ஆனால் தூக்கம் கெடும். நான் யாருக்கும் முதலில் சொல்வது மார்ச். ஏப்ரலில் புழுதி மூட்டம் இருக்கும். ஆனால் கோடை மழை ஒரு நாள் நன்றாகக் கொட்டி, மறுநாள் வானம் விட்டிருந்தால் அந்த இரவைத் தவறவிடாதீர்கள். தூசு எல்லாம் கழுவிப்போய், மார்ச்சைவிடத் தெளிவாக இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "சனிக்கிழமை ராத்திரி 2 மணி" என்று நண்பர்களிடம் சொன்னால், பாதிப் பேர் வெள்ளி இரவும், பாதிப் பேர் சனி இரவும் கிளம்புவார்கள். "சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்புகிறோம், ஞாயிறு விடிவதற்குள் திரும்புகிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

3. நிலாவைக் கணக்குப் பாருங்கள்

அமாவாசை அன்றுதான் போக வேண்டும் என்றில்லை. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கும், அது போதும். நீங்கள் பார்க்கப்போகும் நேரத்தில் நிலா வானத்தில் இல்லாமல் இருந்தால் சரி.

மார்ச்சில் 2 மணிக்குப் பார்ப்பதானால் வளர்பிறை ஆறு, ஏழு நாள் வரைகூடப் போகலாம். சப்தமி நிலா நள்ளிரவையொட்டி மறைந்துவிடும். தேய்பிறையில் துவாதசிக்குப் பிறகுதான் உதவும். மே மாதம் 10 மணிக்குப் பார்ப்பதானால் கதை தலைகீழ். தேய்பிறை அஷ்டமியிலிருந்தே போகலாம், ஏனென்றால் நிலா எழுவதற்குள் உங்கள் வேலை முடிந்திருக்கும். வளர்பிறையில் திருதியையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக் கணக்குப் போட்டால் ஒரு மாதத்தில் பத்து நாளுக்கு மேல் கிடைக்கும். அமாவாசை மட்டும்தான் என்று உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு ஒரு மேகம் வந்தால் மாதமே போய்விடும்.

4. இடம் தேடுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். தொலைநோக்கி வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

நகரத்து மொட்டை மாடியை மறந்துவிடுங்கள். காந்திபுரத்திலோ அவிநாசி ரோட்டிலோ இருந்து இது தெரியாது. ஊரைவிட்டு வெளியே போவதிலும் திசை முக்கியம். நாம் பார்க்கப்போவது தெற்கே. ஆகவே ஊர் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம், வடக்கே இருக்க வேண்டும். கோவைக்கு வடக்கே அன்னூர் பக்கம் போய் நின்றால் நகரத்து வெளிச்சம் முழுக்கத் தெற்கே நிற்கும். அது வீண் பயணம்.

எனக்குப் பிடித்தது தாராபுரத்துக்குக் கிழக்கே மூலனூர், கன்னிவாடி, வெள்ளகோவிலுக்குத் தெற்கே உள்ள கொறங்காடுகள். மேய்ச்சல் நிலம், சுற்றிக் கிளுவை வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம். வேறு மறைப்பு எதுவும் இல்லை. தெற்கு அடிவானம் வரை திறந்து கிடக்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்து வெளிச்சம் கொஞ்சம் தெரியும், ஆனால் நமக்கு வேண்டிய 36 டிகிரி வரை அது ஏறாது.

உடுமலை, குடிமங்கலம் பக்கமும் திறந்த நிலம்தான். ஆனால் காற்றாலைகள். உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். கண் இருட்டுக்குப் பழகுவதை அது பெரிதாகக் கெடுக்காது, எரிச்சல் மட்டும்தான். பல்லடம் பக்கம் போனால் கோழிப்பண்ணைகள். சில பண்ணைகளில் இரவெல்லாம் விளக்கு எரியும். சோமனூர் பக்கம் விசைத்தறிக் கொட்டகைகள். பகலில் போய் இடம் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. ஒரு முறை இரவு 9 மணிக்கு மேல் போய், சும்மா நின்று தெற்கே பார்த்துவிட்டு வாருங்கள்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு தெற்கை அடைத்துக்கொள்ளும். அமராவதி அணைப் பக்கம் போகலாமே என்பார்கள். மலையடிவாரத்துக்கு நெருங்கிப் போகப் போக, மலை தெற்கே உயர்ந்துகொண்டே வரும். கேலக்ஸி தப்பிக்கும், ஆனால் அதற்கு வழிகாட்டும் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தின் அடி 16 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அது மலைக்குப் பின்னால் போய்விடும். அதுவும் போக, அங்கெல்லாம் யானை நடமாட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் இரவில் நிற்பது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. சத்தியமங்கலம் வழியாக மேலே போகலாம் என்றால் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனாலும் மூடுபனிக்கு இ-பாஸ் கிடையாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிப்பதற்குள் தொலைநோக்கியின் கண்ணாடி எந்தக் கோணத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

5. அனுமதியும் காகிதங்களும்

கொறங்காடு புறம்போக்கு இல்லை. ஒவ்வொரு வேலிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பகலில் நேரில் போய்க் கேளுங்கள், போனில் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் கேட்டபோது கிடைத்த முதல் பதில்: "நட்சத்திரம் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க வாசல்ல தெனமும் தெரியுதுங்களே!" அவர் சொன்னது முழுக்க உண்மை. சம்மதமும் உடனே கொடுத்தார். நிபந்தனைகள் இரண்டு. படலைத் திறந்தால் மூட வேண்டும், நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். படலைத் திறந்து போட்டுவிட்டால் விடிவதற்குள் ஆடு மாடு வேறு காட்டில் நிற்கும், அடுத்த முறை உங்களுக்கு அங்கே இடமில்லை. பக்கத்தில் ஆட்டுப்பட்டி இருந்தால் பட்டிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருக்குச் சொன்னால்தான் அவருடைய நாய்களுக்கும் சொன்ன மாதிரி.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., காப்பீடு, தொலைநோக்கி வாங்கிய பில்லின் நகல், நிலத்துக்காரரின் பெயரும் போன் எண்ணும். நடு இரவில் நாலடி நீளக் குழாயோடு போகும் காரை ரோந்துப் போலீஸ் நிறுத்தத்தான் செய்வார்கள். "டெலஸ்கோப் சார், நட்சத்திரம் பாக்கறதுக்கு" என்று சொல்லி, பில்லைக் காட்டி, டிக்கியைத் திறந்துவிட்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். குழுவாகப் போவதானால் முந்தின நாளே அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தேதி, இடம், வண்டி எண், ஆட்களின் பெயர் எழுதி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நகலில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஏப்ரல், மே என்றால் தேர்தல் காலமாக இருக்க வாய்ப்புண்டு. பறக்கும் படை சோதனையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும். தொலைநோக்கி வாங்கப் பணத்தோடு போகிறவர்கள் கவனிக்க. யு.பி.ஐ. இருக்கும்போது எதற்கு வம்பு?

பச்சை லேசர் விளக்கு வைத்து வானத்தைச் சுட்டிக்காட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கும் பகுதி இது. லேசரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

6. கருவியும் செலவும்

கேலக்ஸியை "பார்த்தேன்" என்று சொல்ல 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மி.மீ. அகலம்) போதும். ஏழெட்டாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கறுப்புப் பட்டை தெரிய வேண்டுமானால் 8 அங்குல டாப்சோனியன் வேண்டும், அதாவது தரையில் வைக்கும் அடித்தட்டில் சுழலும், 8 அங்குல அகலக் கண்ணாடி உள்ள தொலைநோக்கி. அது ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். விலை மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் முன் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். 6 அங்குலத்திலும் நல்ல இருட்டில் பட்டை பிடிபடும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

"525 மடங்கு பெரிதாக்கும்" என்று அட்டையில் போட்டு மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்பதை வாங்காதீர்கள். மடங்கு முக்கியமில்லை, வாயின் அகலம்தான் முக்கியம். மங்கலான கேலக்ஸிக்கு ஒளி சேர்க்க வேண்டும், அதற்கு அகலமான கண்ணாடி வேண்டும். அந்த மெல்லிய முக்காலி, காற்று இல்லாத இரவிலும் ஆடும்.

கூரியரில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதல் நாடாவிலிருந்து வீடியோ எடுங்கள். ஒரு கடையில் கண்ணாடி ஓரம் தெறித்து வந்ததற்கு, "வீடியோ இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. ஜி.எஸ்.டி. பில், உத்தரவாத அட்டை இரண்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் பின்சீட்டில் படுத்துவிடும், அடித்தட்டு டிக்கியில் போகும். டூ வீலரில் நடக்காது. அதற்குப் பைனாகுலர்தான்.

முதல் வருடமே டாப்சோனியன் வாங்காதீர்கள் என்பேன். பைனாகுலரோடு ஒரு பருவம் போய் வாருங்கள். இருட்டில் நிற்கப் பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு பெரிய பணத்தை எடுக்கலாம்.

பயணச் செலவு பெரிதில்லை. கோவையிலிருந்து மூலனூர் போய்வர 200 கிலோமீட்டர் சொச்சம். காரில் பெட்ரோல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும், நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு நானூறுகூட வராது. டீயை பிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்கு மேல் அந்தப் பக்கம் கடை தேடாதீர்கள். மற்றபடி, மூடிய ஷூ கட்டாயம். வெயில் காலத்து இரவில் விரியன் நடமாடும். டார்ச்சைச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றாத டார்ச் ஒன்றும் நடந்துபோவதற்குத் தனியாக வேண்டும். நடு இரவில் திடீரென்று மயில் அகவினால் பயப்படாதீர்கள். அந்தப் பக்கம் ஏராளம்.

7. அன்று இரவு: தேடும் வழி

உச்சி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். தொலைநோக்கியை வெளியே வைத்து ஆறவிடுங்கள். மண்பாதையில் குலுங்கி வந்திருக்கும், கண்ணாடிகளின் நேர்ப்பாட்டைச் சரிபாருங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியில் யாராவது போனில் வாட்ஸ்அப் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

முதலில் தென்சிலுவையைப் பிடியுங்கள், திரிசங்கு என்று பெரியவர்கள் சொல்வது. கேலக்ஸி உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு அது நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்புறம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், ஆல்பா செண்டாரியும் பீட்டா செண்டாரியும். சிலுவைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பீட்டா.

பீட்டாவிலிருந்து மேலே, சற்று வலப்பக்கமாக முக்கால் முஷ்டி போனால் எப்சிலான் செண்டாரி. அதே திசையில் இன்னும் கிட்டத்தட்ட அதே தூரம் நீட்டினால், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கலான, கூர்மையில்லாத "நட்சத்திரம்" தெரியும். அது நட்சத்திரம் இல்லை, ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம். பைனாகுலரில் பெரிய பஞ்சுத் திட்டாகத் தெரியும். பலரும் இங்கேயே நின்று "கேலக்ஸி கிடைத்துவிட்டது" என்று படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இது நம் பால்வெளியைச் சேர்ந்த கொத்து. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது.

ஒமேகாவிலிருந்து நேர் மேலே நாலரை டிகிரி. 10×50 பைனாகுலரின் பார்வைப் பரப்பு பொதுவாக ஆறு டிகிரிக்குமேல் இருக்கும். ஆகவே ஒமேகாவைக் கீழ் ஓரத்துக்குத் தள்ளினால், மேல் பகுதியில் சின்னதாக, வட்டமாக ஒரு மங்கல் திட்டு தெரியும். அதுதான் செண்டாரஸ் ஏ. சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: ஒமேகாவுக்கு இடப்புறம் ஏறத்தாழ ஐந்து டிகிரியில் சீட்டா செண்டாரி, அதற்கு மேலே மியூ செண்டாரி. மியூவிலிருந்து வலப்புறம் நாலரை டிகிரி வந்தாலும் அதே திட்டில்தான் முடியும்.

டாப்சோனியனில் படம் தலைகீழ். மேலே போக நினைத்துக் குழாயைக் கீழே இறக்கிவிடுவீர்கள். கண்வில்லையை (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) பார்த்துக்கொண்டு தேடாமல், குழாயை எந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்பதை மட்டும் கவனியுங்கள். 25 மி.மீ. கண்வில்லையில் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் 10 மி.மீ.க்கு மாற்றுங்கள்.

பார்க்கும்போது நேராக வெறித்துப் பார்க்காதீர்கள். திட்டுக்குச் சற்று ஓரத்தில் பார்வையை நிறுத்துங்கள். கண்ணின் ஓரப்பகுதிக்குத்தான் மங்கலானது நன்றாகத் தெரியும். 8 அங்குலத்தில், ஒரு நிமிடம் பொறுத்தால், வட்டமான ஒளி நடுவே இரண்டாகப் பிரியும். கறுப்பு நாடா கட்டிய பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். நிறம் எதுவும் தெரியாது. இணையத்தில் பார்த்த ஆரஞ்சும் நீலமும் மணிக்கணக்கில் எடுத்த படங்கள். நடுவில் சுமார் ஐந்தரைக் கோடி சூரியன் எடையுள்ள கருந்துளை இருக்கிறது, அதிலிருந்து தாரைகள் பீய்ச்சுகின்றன என்றெல்லாம் படித்திருப்பீர்கள். எல்லாம் உண்மை, எதுவும் உங்கள் கண்வில்லையில் தெரியாது. கூட வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் "இதுக்கா தூக்கத்தைக் கெடுத்தே?" என்பார்கள்.

திரும்பும்போது ஓட்டுகிறவர் ஒரு மணி நேரமாவது தூங்கிவிட்டு வண்டியை எடுக்கட்டும். விடியற்காலையில் காங்கேயம் ரோட்டில் தேங்காய் லாரிகளுக்கு நடுவே கண் சொக்கினால் அவ்வளவுதான்.

8. பருவம் தவறிப்போனால்

மே முடிந்தும் கிடைக்கவில்லையென்றால் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். நடுவில் கையில் தொலைநோக்கி இருந்தால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜனவரி முதல் வாரத்தில் என்.ஜி.சி 1399-ஐ முயன்று பாருங்கள். இதில் நீள்வட்டமா இல்லையா என்ற வாதமே இல்லை. ஃபோர்னாக்ஸ் என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவில் இருப்பது. இரவு ஒன்பதரை மணிக்குத் தெற்கே 43 டிகிரி உயரத்தில் நிற்கும், தூக்கமும் கெடாது. பைனாகுலருக்கு எட்டாது, 6 அங்குலமாவது வேண்டும். அந்தப் பகுதியில் வழிகாட்டப் பிரகாசமான நட்சத்திரம் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல், அதனால் போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியைச் சிவப்பு இரவு நிலையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரே பார்வைப் பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருண்டைத் திட்டுகள் தெரிந்தால் சரியான இடம்தான், சின்னது என்.ஜி.சி 1404, அதுவும் நீள்வட்ட கேலக்ஸிதான்.